அப்பாவின் செருப்புக்கு ஓர் இடம்

திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுச் சுவர்களை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், என் தம்பி பகலவன் சந்து முழுக்க ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அவனுக்கு ஆறு வயது. அவன் வாயில் ஒரு விஷயம் விழுந்தால், அது காசிமேடு மீன் ஏலத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறிப்போய் வந்தார்கள். "இன்னா செல்வி, இடிக்கிறாங்களாமே? யாராச்சும் நோட்டீஸ் குடுத்தாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நாங்களேதான் இடிச்சிக்கிறோம்" என்று அம்மா சிரித்தார்.

எங்கள் வீடு கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. சதுரமான வீடு. அதற்குள் கூட்டல் குறி போட்டதுபோலச் சுவர்கள். அதனால் நான்கு அறைகள். முன்னால் ஹாலும் படுக்கும் அறையும். பின்னால் சமையலறையும் வலை ரூமும். வலை ரூம் என்றால், அப்பா பழுது பார்க்க எடுத்து வரும் மீன் வலைகளைக் குவித்து வைக்கும் அறை. அதில் கூரை வரைக்கும் வலைதான்.

இந்தக் கூட்டல் குறியால் அதிகம் கஷ்டப்பட்டவர் அம்மா. நாங்கள் ஹாலில் டிவி பார்த்துச் சிரிப்போம். சமையலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து அம்மா, "இன்னா? இன்னா?" என்று கேட்பார். பகலவன் ஓடிப்போய் அந்த ஜோக்கைச் சொல்வான். அவன் சொல்லி முடிக்கும்போது அது ஜோக்காகவே இருக்காது. அம்மா பாவம், "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறுவார்.

இதற்கு ஒரு வழி கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி திருமுருகன் மாமா. அவர் டிப்ளமோ படித்துவிட்டு மாதவரத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கே அவர் உதவியாளர். எங்கள் வீட்டுக்கு வந்தால் இன்ஜினியர்.

"அக்கா, இத்தப் பாரு" என்று தன் போனை நீட்டினார் மாமா.

படத்தில் சுவரே இல்லாத ஒரு பெரிய கூடம். ஒரு பக்கம் சமையல் மேடை, ஒரு பக்கம் சாப்பாட்டு மேஜை, இன்னொரு மூலையில் முழங்கை மடக்கியதுபோல ஒரு நீளமான சோபா. யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா ஆப்பிள் நறுக்கிக்கொண்டே சோபாவில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பகலவன் படத்துக்குள் மூக்கை நுழைத்தான். "மாமா, செவுத்துல நெருப்பு எரியுது. வூடு பத்திக்கிச்சா?"

"அது குளிர் காயற அடுப்புடா."

அது மே மாதம். மாமாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடுப்ப மட்டும் தூக்கிடு திரு. மத்ததெல்லாம் இதே மாதிரி இருக்கட்டும்" என்றார் அம்மா. அவர் கண் அந்தச் சிரிக்கும் அம்மாவை விட்டு நகரவே இல்லை. "இவ சமைச்சிக்கினே எல்லாரையும் பாக்குறா பாரேன்."

அப்பா போனை வாங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தார். பிறகு, "சோக்கா கீது மச்சான். செஞ்சிடலாம்" என்றார்.

மேஸ்திரி சௌக்கத் அலி வந்து சுவர்களை விரலால் தட்டிப் பார்த்தார். வயலட் பென்சிலால் எல்லாவற்றிலும் பெருக்கல் குறி போட்டார். "இது பில்லர் வச்ச வூடு. நடுவுல ஒரு தூண் நிக்கும். மிச்ச செவுரெல்லாம் சும்மா செங்கல்தான். திங்கக்கிழமை காலைல சுத்தியல் வெச்சா, சாயங்காலம் நீங்க கிரிக்கெட்டே ஆடலாம்."

பகலவன் உடனே பேட்டைத் தேடப் போனான்.

சனிக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. புது வீடு எப்படி இருக்கும் என்று படத்தில் பார்த்தால் போதுமா? அதில் நடந்து பார்க்க வேண்டாமா? எங்கள் மொட்டை மாடி வீட்டின் அதே அளவுதான். நான் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மாமா கொடுத்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, சமையல் மேடை, மேஜை, சோபா, டிவி எல்லாவற்றையும் முழு அளவில் கோடு போட்டேன்.

"இப்ப வூடு கட்டியாச்சு. ஆளுங்கள கூப்புடு" என்றேன்.

பகலவன் கீழே போய் நான்கு ஜோடிச் செருப்புகளை அள்ளிக்கொண்டு வந்தான். செருப்புதான் ஆள். எங்கள் விளையாட்டில் அப்படித்தான்.

அம்மாவின் செருப்பைச் சமையல் மேடையில் வைத்தேன். மிக்ஸியில் தேங்காய் அரைக்கிறார். பகலவனின் செருப்பை டிவி முன்னால் வைத்தேன். என் செருப்பு மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். ரொம்ப நன்றாக இருந்தது.

"அப்பா கடல்லேர்ந்து வந்துட்டாரு" என்று பகலவன் அப்பாவின் பெரிய செருப்பை என் கையில் கொடுத்தான். "தூங்க வை."

நான் செருப்பைச் சோபாவில் வைத்தேன். டிவிக்கு மூன்றடி. மேஜைக்கு அடியில் வைத்தேன். மிக்ஸிக்கு நான்கடி. வாசல் பக்கம் வைத்தேன். அங்கே மீன் வாங்கிப் போகிறவர்கள் எல்லாம் நின்று பேசுவார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி முழுக்கச் சுற்றினேன். எங்கே வைத்தாலும் அப்பாவால் பகலில் தூங்க முடியாது.



இதை எப்படி மறந்தோம் தெரியுமா? எல்லாம் தடைக்காலத்தால் வந்தது. கோடையில் மீன்கள் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் அப்பா விசைப்படகை ஓட்டுகிறவர். நாற்பது நாளாக அவர் வீட்டில் இருந்தார். எல்லாரையும் போலப் பகலில் வலை தைத்தார், இரவில் தூங்கினார். நாங்களும் அதற்கே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்திலேயே வீட்டுக்கும் படம் போட்டுவிட்டோம்.

மற்ற மாதங்களில் அப்படி இல்லை. நான்கு நாள் கடலில் இருந்துவிட்டு விடிந்ததும் கரைக்கு வருவார். ஒரே ஒரு பகல் தூங்குவார். மறுபடியும் படகு கிளம்பிவிடும். அந்த ஒரு பகலில் படுக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் எல்லாரும் ஆளுக்கு ஆள் "உஷ்" சொல்லிக்கொண்டிருப்போம். கதவும் சுவரும் இருக்கும்போதே அந்தப் பாடு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஜனவரியில் எதிர் வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டியிருந்தார்கள். அன்று அப்பா கண்ணை மூடவே இல்லை. அடுத்த முறை கரைக்கு வந்தபோது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "ஒரு செகண்டுதான் செல்வி கண்ணு சொருகிச்சு. தொறந்து பாத்தா எதிர்ல கப்பல் நிக்குது, செவுரு மாதிரி. அப்படியே ஸ்டியரிங் வீல ஒடிச்சுத் திருப்பினேன்." நான் கணக்கு நோட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டேன். அன்று அம்மா சாப்பிடவில்லை.

நான் செருப்போடு கீழே ஓடினேன். முதலில் மாமாவிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "காதுல பஞ்சு வெச்சிக்கினா ஆச்சு" என்றார். இன்ஜினியர் சொல்கிற பதிலா இது?

பிறகு அப்பாவிடம் போனேன். அவர் சந்தில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, புது வூட்ல நீ பகல்ல எங்க தூங்குவ?"

அப்பாவின் கை நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தார். "உனக்கும் தோணிடுச்சா?" என்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போட்டோ பாத்த அன்னிக்கே தெரியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மலரு, உங்கம்மா பதினோரு வருஷமா செவுத்தப் பாத்துக்கினே சமைக்கிறா. இப்பதான் ஒண்ணு ஆசையா கேட்டிருக்கா. எனக்கு எங்க போட்டாலும் தூக்கம் வரும். நீ அம்மாகிட்ட சொல்லிக்காத, இன்னா?"

எங்கே போட்டாலும் தூக்கம் வருமாம். பச்சைப் பொய். மைக் செட் அன்றைக்கு நான்தானே அவருக்கு மூன்று முறை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் ஒரே கலகலப்பு. அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டினார். மாமா பெயின்ட் அட்டையைக் காட்டி, "மஞ்சளா, சந்தனமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பகலவன் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்து, "நாளைக்கு இடிப்பு, நாளைக்கு இடிப்பு" என்று பாடினான். எனக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. சொன்னால் அம்மாவின் ஆசை போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவின் தூக்கம் போய்விடும். அவர் தூங்காமல் படகை ஓட்டினால், அந்தக் கப்பல் எத்தனை முறை தள்ளி நிற்கும்?

யாருக்கும் தெரியாமல் அழ வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே இடம் வலை ரூம்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வலைக் குவியலில் ஏறி, பச்சை வலைக்கும் நீல வலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் படுத்தேன். உப்பும் தாரும் கலந்த வாசனை அடித்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"இங்க கீறா! இங்க கீறா!" என்று அம்மா கத்தினார். என்னை வலையோடு சேர்த்து அள்ளிக் கட்டிக்கொண்டார். முதுகில் ஒரு அடி கொடுத்தார். உடனே அதே இடத்தில் தடவிக் கொடுத்தார். "எங்கடி போன? ஒன்ற மணி நேரமா தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கினு கீறோம். இந்த ரூமையும் எட்டிப் பாத்தோம், வலைதான் தெரிஞ்சுது. மாமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் தேடிட்டு வந்துட்டான்."

வாசலில் சந்தே கூடியிருந்தது. மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா சுவரில் சாய்ந்து நின்று, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்பாடா" என்று மட்டும் சொன்னார்.

"நான் எங்கயும் போல. இங்கதான் தூங்கிட்டேன்."

"பொய் சொல்லாத" என்றான் பகலவன். "நான் இந்தக் கதவுகிட்டயே தட்ட வெச்சிக்கினு டங்கு டங்குன்னு அடிச்சேன். செத்தவனே எழுந்து வந்திருப்பான்னு மாமா சொன்னாரு."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலடா."

சொல்லிவிட்டு நானே அப்படியே நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை. தட்டுச் சத்தம் கேட்கவில்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சமையலறைச் சத்தமும் கேட்கவில்லை. கூரை வரைக்கும் குவிந்த வலைகள் எல்லாச் சத்தத்தையும் வாரிக்கொண்டுவிட்டன.

"இன்னாத்துக்கு இதுக்குள்ள வந்து படுத்த?" என்றார் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். "அப்பா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அப்பா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் அவரே சொன்னார். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் மாறியது.

"தடைக்காலம் முடிஞ்சா நீ பகல்ல தூங்கணுமே. இது எப்படி எனக்குத் தோணாம போச்சு?" என்றார் அம்மா. பிறகு அப்பாவிடம் திரும்பினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குத் தெரிஞ்சும் கம்முனு இருந்தியா? அந்தக் கப்பல நெனச்சா இன்னும் எனக்கு ஒடம்பு நடுங்குது. இந்த ஹாலும் வேணாம், ஒண்ணும் வேணாம். திரு, மேஸ்திரி பாய்க்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லு."

"ஐயோ அக்கா" என்றார் மாமா.

"அம்மா, வேணாம்னு சொல்லாத. ரெண்டும் இருக்கும். மாடிக்கு வா" என்றேன்.

எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். சௌக்கத் அலி பாயும் சுத்தியல் பையை வைத்துவிட்டுப் போக அப்போதுதான் வந்திருந்தார், அவரும் வந்தார். நான் கோலமாவை எடுத்து வலை ரூம் இருந்த மூலையில் மட்டும் இரண்டு சுவர்களைத் திரும்பப் போட்டேன்.

"இந்த மூலைய இடிக்காதீங்க. மிச்சம் மூணு ரூமுக்கும் நடுவுல இருக்குற செவுர மட்டும் இடிங்க. ஹாலு, படுக்குற ரூமு, கிச்சனு மூணும் ஒண்ணாயிடும். அம்மா மேடைல நின்னா ஹாலு நேரா தெரியும். டிவிய முன் செவுத்துக்கு மாத்திட்டா அதுவும் தெரியும். அப்பா இங்க, வலைங்க நடுவுல." அப்பாவின் செருப்பை அந்த மூலையில் வைத்தேன். அங்கே அது பொருத்தமாக உட்கார்ந்தது.

பாய் தாடியைத் தடவினார். நடுத்தூண் இருக்கும் இடத்தில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "பொண்ணு சொல்றது சரியா வரும். எனக்கும் ரெண்டு செவுரு இடிக்கிற வேலை மிச்சம். உள்ள ஒரு கட்டிலு போட்டு, மேல காத்து வர ஒரு சின்ன ஜன்னலு வெச்சிடறேன்."

மாமா மட்டும் மெதுவாக, "அப்போ சோபா?" என்றார். அந்த முழங்கை சோபாவை அவர் அதே மூலையில்தான் வரைந்திருந்தார்.

"படத்துல சோபாதான் மடங்கி இருந்துச்சு. இப்ப வூடே சோபா மாதிரி மடங்கிடுச்சு. வுடுடா" என்றார் அம்மா. மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அம்மாவுக்குச் சோதித்துப் பார்க்காமல் மனசு ஆறவில்லை. "வலை நாத்தம் அடிக்குமே. உள்ள படுக்க முடியுமா?"

"படகுல இன்னா மெத்தையா போட்டு வெச்சிருக்காங்க? வலை மேலதான தூங்குறேன்" என்றார் அப்பா.

அப்பா வலை ரூமுக்குள் போய்ப் படுத்தார். கதவைச் சாத்தினோம். அம்மா மிக்ஸியை ஓட்டினார். மாமா டிவியை முழுச் சத்தத்தில் வைத்தார். பகலவன் தட்டை அடி அடியென்று அடித்தான். அவன் வாழ்க்கையிலேயே அவனைச் சத்தம் போடச் சொன்னது அன்றுதான். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அம்மா கதவருகில் போய்க் கேட்டார்.

"இன்னாங்க, சத்தம் கேட்டுச்சா?"

பதில் இல்லை.

"ஏங்க?"

மெதுவாகக் கதவைத் திறந்து பார்த்தோம். அப்பா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா கதவைப் பிடித்தபடியே நின்றார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூங்கட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை சுவர்கள் விழுந்தன. மூன்று வாரம் வீடு முழுக்க ஒரே தூசி. சோற்றில்கூடச் சிமென்ட் வாசனை. பிறகு தரை போட்டார்கள், சந்தன நிறம் அடித்தார்கள். வீட்டின் ஒரு முனையில் நின்றால் தெரு தெரிந்தது. மறுமுனையிலும் வெளிச்சம் வந்தது.

தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போனார். நான்காம் நாள் விடியற்காலை கரைக்கு வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்தார், இட்லி சாப்பிட்டார், வலை ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசல் ஓரம் அவருடைய பெரிய செருப்பு இருந்தது.

பத்து மணிக்குப் பகலவனின் நண்பர்கள் நான்கு பேர் வந்தார்கள். பாய் சொன்னதுபோலவே ஹாலில் கிரிக்கெட் நடந்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் பகலவன் தட்டை அடித்தான். அம்மா மீன் குழம்புக்கு மசாலா அரைத்தார். டிவியில் ஒரு தாத்தா வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தார். நாங்கள் சிரித்தோம். அதே நொடியில் சமையல் மேடையிலிருந்து அம்மாவும் சிரித்தார். யாரும் ஓடிப்போய் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

நான் நடுவில் ஐந்து முறை அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அது திறக்கவே இல்லை.

மாலை நான்கு மணிக்குத் திறந்தது. அப்பா கன்னத்தில் வலையின் கட்டம் கட்டமான தடத்தோடு வெளியே வந்தார். நன்றாகக் கையை நீட்டிச் சோம்பல் முறித்தார். கண்ணெல்லாம் தெளிவாக இருந்தது. தூணருகில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் ஒரே பார்வையில் பார்த்தார்.

"இன்னா, காலைலேர்ந்து யாரும் வூட்ல இல்லியா?" என்று கேட்டார். "ஒரு சத்தத்தையும் காணோமே."

பகலவன் நசுங்கிப்போன எவர்சில்வர் தட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.